மலைக்கு வேலி இட்டவர் யார்?

"எழில் கொஞ்சும் மலை! பசுமை போர்த்த சோலை! கீழே கடல்; கடலோரம் வானளாவும் கட்டடங்கள்; மேலே முகில் தவழும் மாளிகைகள்!" ஹாங்காங் நகரின் தலைக்குமேல் நிமிர்ந்து நிற்கும் விக்டோரியா சிகரத்தைப் பற்றி எழுதுவோர் பலரும் இப்படித்தான் எழுதுகிறார்கள். எழுதட்டும்! எழிலை எழில் என்று சொல்வதிலே நமக்கு வழக்கில்லை. 552 மீட்டர் உயரமுள்ள அந்த மலையின் இடுப்பை வளைத்தோடும் லுகார்டு சாலையிலே நடந்து பாருங்கள். விழுது விட்ட இந்திய ரப்பர் மரம் நிழல் விரிக்கும். கிளைகளின் இடைவெளியிலே துறைமுகம் மின்னும். வளைவு திரும்பினால் உயர்ந்த மதில், இரும்புக் கதவு, கதவுக்கு அப்பால் கண்ணுக்குப் புலப்படாத மாளிகை. கண்ணுக்கு விருந்துதான். ஆனால் எழுதுவோர் அத்துடன் நிறுத்துவதில்லை. "இயற்கை தந்த கொடை" என்றொரு முத்திரையையும் குத்திவிடுகிறார்கள். அங்கேதான் தோழர்களே, நம் வழக்குத் தொடங்குகிறது.

இயற்கையா தந்தது? 1841இல் ஆங்கிலேயர் தம் கொடியை அத்தீவிலே நாட்டியபோது அந்த மலை பெரும்பாலும் மொட்டைப் பாறை. "இந்த வறண்ட தீவா கிடைத்தது?" என்று இலண்டனில் இருந்த வெளியுறவு அமைச்சர் பாமர்ஸ்டனே முகம் சுளித்தார். 1870களிலிருந்து ஆண்டுக்காண்டு மரக்கன்றுகளை நட்டுத்தான் பாறை பசுமையாயிற்று. பணியை மேற்பார்த்த சார்லஸ் ஃபோர்டின் பெயர் ஏடுகளிலே இருக்கிறது. பாறையிலே குழி பறித்து, மண் சுமந்து, கன்று நட்ட சீனக் கூலியின் பெயர் எந்த ஏட்டிலே இருக்கிறது? 1941 டிசம்பரிலிருந்து 1945 வரை ஜப்பானியர் பிடியிலே நகரம் இருந்தபோது அந்த மரங்களிற் பல வெட்டுண்டு விறகாய் எரிந்தன. போருக்குப் பின் மீண்டும் நட்டார்கள். இருமுறை மனிதன் கையால் வளர்ந்த காட்டுக்கு "இயற்கை" என்று பெயர்! உழைத்தவன் பெயரை மறைக்க இதைவிட நல்ல திரை ஏது?

மலை கைக்கு வந்த வகையும் அழகானதன்று. இந்திய மண்ணில் விளைந்த அபினியைச் சீனத்தில் விற்றே தீருவோம் என்று தொடுத்த போரின் கொள்ளைப் பொருள் அது. அந்தப் போரிலே, 1841 மே மாதம், கான்டன் நகருக்கு அருகே கொட்டும் மழையிலே நனைந்த துப்பாக்கியுடன் நின்றவர்களுள் சென்னை 37ஆம் சிப்பாய்ப் படையினரும் உண்டு. நம் ஊரிலிருந்து போனவன் குருதி சிந்தினான். மலைமேலே மாளிகை எழுப்பியவன் வேறொருவன்!

1860களிலே ஆளுநர் மெக்டொனல் கோடைக்காலம் கழிக்க உச்சிக்கு அருகிலே இல்லம் அமைத்தார். கீழே கோடை வெயில் கொளுத்தும். மேலே சில பாகை குளிர்ச்சி. துரைமார் ஒவ்வொருவராகப் பின்தொடர்ந்தனர். எப்படி ஏறினார்கள்? காலால் அல்ல, தோளால். தம் தோளால் அல்ல, பிறர் தோளால்! சீனக் கூலிகள் தூக்கிய பல்லக்கிலே துரையும் சென்றார், துரைசாணியும் சென்றார், துரைமகனின் தொட்டிலும் சென்றது. செங்கல்லும் சுண்ணாம்பும் பனிக்கட்டியும் அதே தோள்களில்தான் ஏறின.

1888 மே 30இல் இழுவை வண்டி ஓடத் தொடங்கியது. அறிவியலின் வெற்றி! செங்குத்தான சரிவிலே இரும்புக் கயிறு பெட்டியை இழுத்துச் செல்கிறது. ஆனால் அறிவியலின் முதுகிலும் ஆணவம் ஏறிக்கொண்டது. முதல் வகுப்பு ஆட்சி அலுவலர்க்கும் சிகரவாசிகளுக்கும்; இரண்டாம் வகுப்பு படையினருக்கும் காவலருக்கும்; மூன்றாம் வகுப்பு மற்றவர்க்கும், விலங்குகளுக்கும்! ஆம், மற்றவர்க்கும் விலங்குகளுக்கும் ஒரே வகுப்பு! 1908 முதல் 1949 வரை முன்வரிசை இருக்கைகள் ஆளுநருக்கென்று வெண்கலத் தகடு பொறித்துக் காத்து வைக்கப்பட்டன. வண்டி புறப்பட இரண்டு நிமிடம் இருக்கும்வரை வேறெவரும் அதிலே அமரலாகாது. ஆளுநர் வராவிட்டாலும் அவருடைய வெற்றிடத்துக்கு வணக்கம் செலுத்த வேண்டும்!

இவையெல்லாம் பழக்கம், பகட்டு என்று விட்டுவிடலாம். 1904இல் வந்ததோ சட்டம். குறித்த மலைப்பகுதியில் உள்ள வீட்டையோ நிலத்தையோ சீனரல்லாதார்க்கன்றி வேறெவர்க்கும் குடியிருக்க விடலாகாது என்று அச்சட்டம் கட்டளையிட்டது. சீனத் தீவு, சீன மக்கள், சீனர் நட்ட மரம், சீனர் சுமந்த செங்கல். சீனர் மட்டும் குடியிருத்தல் குற்றம்!

"இன வெறுப்பன்று, உடல்நலம்தான் காரணம்" என்றார்கள் சட்டத்தை ஆதரித்தோர். நகரத்திலே நெரிசல், நோய். வெள்ளையர் உடல் வெப்பத்தைத் தாங்காது. அவர்தம் குழந்தைகளுக்குக் குளிர்ந்த இடம் வேண்டும் என்றெல்லாம் வாதம் புரிந்தார்கள். இந்த வாதத்தைச் சற்று நின்று ஆராய்வோம். அறிவியல் சொற்களை அணிந்துகொண்டு வரும் பொய், பழைய புராணப் பொய்யைக் காட்டிலும் ஆபத்தானது.

நோய் இருந்தது உண்மை. 1894இல் கீழேயுள்ள தைப்பிங்ஷான் பகுதியிலே கொள்ளைநோய் புகுந்து, நகரில் 2,500க்கும் மேற்பட்டோரை மாய்த்தது. அந்நோயின் கிருமியை எர்சினும் கிட்டசாட்டோவும் அதே நகரிலே, அதே ஆண்டிலே கண்டறிந்தார்கள். ஆனால் அந்தப் பகுதி ஏன் நோயின் கூடாரமாயிற்று? ஓஸ்பர்ட் சாட்விக் என்னும் பொறியாளர் 1882இலேயே அறிக்கை தந்திருந்தார். காற்றும் ஒளியும் புகாத அறைகள், சீர்கெட்ட சாக்கடை, போதாத குடிநீர் என அத்தனையும் அதிலே இருந்தன. 1887இல் சுகாதாரச் சட்டம் கொண்டுவர முயன்றபோது வாடகை குறைந்துவிடுமே என்று வீட்டுடைமையாளர்கள் எதிர்த்து நின்றார்கள். வெள்ளை உடைமையாளர் மட்டுமல்ல, சீன உடைமையாளரும்தான்! பணப்பெட்டிக்கு நிறம் கிடையாது. பன்னிரண்டு ஆண்டு அறிக்கை உறங்கியது; பிறகு கொள்ளைநோய் விழித்தது. உடனே என்ன செய்தார்கள்? தைப்பிங்ஷானை இடித்துத் தள்ளினார்கள். தாங்கள் குடியிருந்த மலைக்கு வேலியிட்டார்கள்.

மலைக்காய்ச்சலைக் கொசு பரப்புகிறது என்பதை ரொனால்டு ராஸ் 1897இல் செகந்திராபாத்தில் கண்டறிந்துவிட்டார். கொசுவுக்குச் சீனர் யார், ஆங்கிலேயர் யார் என்று தெரியாது. குட்டையை ஒழிப்பதை விட்டுவிட்டு மனிதரை ஒதுக்குவது எந்த மருத்துவம்? அந்த உடல்நல மலையின் இலட்சணத்தையும் கேளுங்கள். இளவேனிலிலே வாரக்கணக்கில் மூடுபனி. சுவரிலே ஈரம், காலணியிலே பூஞ்சை, துணிகளை உலர்த்துவதற்கென்றே தனி அறை! இதற்கா இத்தனை வேலி?

வாதம் முழுவதும் பொய் என்பதற்குச் சட்டமே சாட்சி. குடியிருப்போரின் பணியாளர்களுக்கு அதில் விலக்கு உண்டு! சமைக்கும் சீனன் மேலே உறங்கலாம். குழந்தைக்குப் பாலூட்டும் சீன ஆயா மேலே உறங்கலாம். அவர்களால் நோய் பரவாது. அதே சீனன் வாடகை கொடுத்துத் தன் பெயரிலே ஒரு வீடு எடுத்தால் நோய் பரவிவிடும்! தொட்டு எடுத்து வரும் சோற்றிலே தீட்டில்லை, பக்கத்து வீட்டுத் திண்ணையிலே அமர்ந்தால் தீட்டு என்னும் சாத்திரம் நமக்கு அறிமுகமற்றதன்று. உடை வேறு, உள்ளம் ஒன்று.

"இராபர்ட் ஹோடுங் மலைமேலே வாழ்ந்தாரே?" என்று ஒரு வினா எழுப்புவார்கள். வாழ்ந்தார். ஐரோப்பியத் தந்தைக்கும் சீனத் தாய்க்கும் பிறந்த அவர் ஹாங்காங்கின் பெருஞ்செல்வர். விலக்குப் பெற்றுக் குடியேறினார். ஆளுநரும் அவருடைய மன்றமும் விரும்பினால் எவருக்கும் விலக்கு அளிக்கலாம் என்று சட்டத்திலே ஒரு சாளரம் வைத்திருந்தார்கள். ஆயிரம் பேரை வெளியே நிறுத்திவிட்டு, கோடி வைத்திருக்கும் ஒருவரை உள்ளே விட்டால் கதவு திறந்ததாகுமா? அவரைக் காட்டியே மற்றவரை வாயடைக்கச் செய்யலாம் என்பதைத் தவிர அதனால் விளைந்த பயன் என்ன?

1918இல் சட்டத்தைத் திருத்தி எழுதினார்கள். வெளிப்படையான இனச் சொல் போயிற்று. ஆளுநர் மன்றத்தின் இசைவின்றி எவரும் அங்கே குடியிருக்கலாகாது என்று வந்தது. பூட்டுக்கு மெருகேற்றினார்கள், அவ்வளவுதான்! 1946இலே, ஜப்பானியரிடம் தோற்று வெள்ளையரின் மதிப்புச் சரிந்த பின்னர், சட்டம் நீக்கப்பட்டது.

"பிறகென்ன குறை? இன்று யார் வேண்டுமானாலும் வாங்கலாமே!" என்பார்கள். வாங்கலாம்! 2021இல் சிகரப் பகுதியைச் சேர்ந்த மவுண்ட் நிக்கல்சனில் ஓர் அடுக்ககம், மாளிகை கூட அல்ல, ஏறத்தாழ 64 கோடி ஹாங்காங் டாலருக்கு விலைபோயிற்று. அதே 2021ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பிலே, ஒரு வீட்டைத் துண்டு துண்டாய்த் தடுத்த அறைகளில் வாழ்வோர் 2 இலட்சத்துக்கும் மேல். இன்று சிகரத்தில் சீனச் செல்வர் இருக்கிறார்கள், அது நல்லதே. ஆனால் வேலியிலே ஏறியிருந்த பெயர்ப்பலகை மாறியதை வேலி போனதாகக் கொள்ள நாம் ஏமாளிகளல்லர்.

பணியாளர் விலக்கு என்ன ஆயிற்று? அது இன்னும் உயிரோடிருக்கிறது. ஹாங்காங்கிலே வீட்டு வேலை செய்யும் அயல்நாட்டுப் பெண்கள், பெரும்பாலும் பிலிப்பைன்ஸ், இந்தோனேசிய நாட்டவர், 3 இலட்சத்துக்கும் மேற்பட்டோர். 2003இலிருந்து அவர்கள் முதலாளியின் வீட்டில்தான் தங்கியாக வேண்டும். வெளியே தனக்கென்று ஓர் அறை எடுத்தால் விதிமீறல். மற்ற அயல்நாட்டார் தொடர்ந்து ஏழாண்டு வாழ்ந்தால் நிலைக்குடியுரிமை கேட்கலாம். இவர்களோ இருபதாண்டு உழைத்தாலும் கேட்க முடியாதென்று 2013இலே அந்நகரின் உச்ச முறைமன்றம் தீர்ப்பளித்தது. குடியிருந்தே ஆகவேண்டும், குடியாகிவிடக் கூடாது! 1904ஆம் ஆண்டுச் சட்டத்தை எழுதியவர்கள் இதைப் படித்தால் தம் கையெழுத்தை அடையாளம் கண்டுகொள்வார்கள்.

ஞாயிறு அந்தப் பெண்களின் விடுமுறை நாள். அன்று நூற்றுக்கணக்கானோர் இழுவை வண்டி ஏறி மலையழகைக் காணக் காத்து நிற்கிறார்கள். சற்றுக் கீழே, நகர நடுவிலே, பெரிய வங்கிக் கட்டடத்தின் அடியிலும் மேம்பாலங்களிலும் அட்டைப் பெட்டிகளைப் பிரித்து விரித்து, செருப்பைக் கழற்றி ஓரமாய் வைத்துவிட்டு, ஆயிரக்கணக்கில் அவர்கள் அமர்ந்திருக்கிறார்கள். உண்கிறார்கள், பாடுகிறார்கள், ஊருக்குப் பேசுகிறார்கள். மாலையானதும் அட்டைகளை மடித்து வைத்துவிட்டு அவரவர் முதலாளியின் வீட்டுக்குத் திரும்புகிறார்கள். அவர்களுள் சிலர் அந்த மலைக்கே ஏறுகிறார்கள்.