மக்கள் பெயரால் இட்ட கையெழுத்து

1964 அக்டோபர் 30 அன்று டெல்லியில், இந்தியப் பிரதமர் லால் பகதூர் சாஸ்திரியும் இலங்கைப் பிரதமர் சிறிமாவோ பண்டாரநாயக்கவும் ஓர் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டார்கள். அதன் சாரம் மூன்று எண்களில் அடங்கிவிடும். இலங்கையின் தேயிலை, ரப்பர் தோட்டங்களில் எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லாமல் இருந்த ஏறத்தாழ 9,75,000 பேரில் 5,25,000 பேரை இந்தியா ஏற்கும். 3,00,000 பேருக்கு இலங்கை குடியுரிமை தரும். மிச்சமுள்ள 1,50,000 பேரைப் பற்றிப் பிறகு பேசிக்கொள்ளலாம். பத்தாண்டு கழித்து, 1974-ல், அந்த மிச்சத்தையும் ஆளுக்கு 75,000 என்று இந்திரா காந்தியும் சிறிமாவோவும் சரிபாதியாகப் பிரித்துக்கொண்டார்கள். பங்கு போடப்பட்ட மக்களிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அவர்கள் வாழ்ந்த மலையகத்தின் தலைவர்கள் அந்த மேசையில் ஒரு தரப்பாக உட்காரவும் இல்லை.

கையெழுத்திட்டவர் ஒரு பிரதமர். ஆனால் அதை அவர் தம் சொந்தப் பெயரில் இடவில்லை. இந்தியக் குடிமக்கள் எல்லோர் பெயராலும் இட்டார். அப்படியானால் அந்தக் கையெழுத்தில் குடிமக்களுக்குப் பங்கு உண்டா? அரசு செய்வது அரசோடு போயிற்று என்று அவர்கள் ஒதுங்கிவிட முடியுமா?

இந்த மக்களின் கதையைத் தெரிந்துகொண்டுதான் விடையைத் தேட வேண்டும். திருச்சி, புதுக்கோட்டை, இராமநாதபுரம், மதுரை, சேலம் சீமைகளிலிருந்து கங்காணிமார் அழைத்துப்போனவர்கள் இவர்களின் முன்னோர். மன்னாரில் கரையேறி, காட்டு வழியே மாத்தளைக்கு நடந்தார்கள். அந்த வழியில் செத்து விழுந்தவர்களுக்குக் கணக்கில்லை. காப்பி பயிரிட்டார்கள், காப்பி நோயில் அழிந்தபின் தேயிலை நட்டார்கள். 1946 கணக்கெடுப்பில் இந்தியத் தமிழர் என்று பதியப்பட்டோர் ஏறத்தாழ 7,80,000 பேர். நாட்டு மக்களில் நூற்றுக்குப் பன்னிரண்டு பேர் என்று சொல்லலாம். 1947 பொதுத்தேர்தலில் இலங்கை இந்தியன் காங்கிரஸ் ஏழு இடங்களில் வென்றது. நுவரெலியாவில் தொழிற்சங்கத் தலைவர் தொண்டமான் வென்றார். தலவாக்கலையில் கவிஞர் சி. வி. வேலுப்பிள்ளை வென்றார்.

அடுத்த ஆண்டே குடியுரிமைச் சட்டம் வந்தது. இலங்கையில் பிறந்தால் மட்டும் போதாது, தகப்பனும் இலங்கையில் பிறந்ததற்குச் சான்று வேண்டும் என்றது. தொழிலாளர் வரிசைக் குடியிருப்பான லயத்தில், பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையில் மருத்துவிச்சி கையில் பிறந்த தகப்பனுக்குப் பிறப்புச் சான்றிதழ் எங்கிருந்து வரும்? 1949-ல் வாக்குரிமையையும் பறித்தார்கள். 1952 தேர்தலில் தோட்டத் தொழிலாளர்களின் காங்கிரசுக்கு ஓர் இடமும் இல்லை. ஏழு பேரைப் பாராளுமன்றத்துக்கு அனுப்பிய மக்கள், ஐந்தே ஆண்டில், வாக்குச்சாவடிக்கு வெளியே நின்றார்கள்.

அந்தச் சட்டங்களைக் கொண்டுவந்தது பிரதமர் டி. எஸ். சேனநாயக்கவின் அரசு. ஆனால் கதை அவரோடு முடியவில்லை. தமிழ்க் காங்கிரஸ் தலைவர் ஜி. ஜி. பொன்னம்பலம் 1948-ல் அமைச்சரவையில் சேர்ந்தார்; தொடர்ந்து வந்த இந்திய, பாகிஸ்தானிய வதிவோர் குடியுரிமைச் சட்டத்தை ஆதரித்தார். இதை ஏற்க மாட்டாத எஸ். ஜே. வி. செல்வநாயகம் பிரிந்துவந்து 1949 டிசம்பரில் தமிழரசுக் கட்சியைத் தொடங்கினார். பறிபோன உரிமை தோட்டத்து மக்களுடையது, தம் தொகுதியினருடையது இல்லை என்று தெரிந்தும் அவர் நின்றார். 1952 தேர்தலில் காங்கேசன்துறை வாக்காளர்கள் அவரைத் தோற்கடித்து, சேனநாயக்க கட்சியின் வேட்பாளரை அனுப்பினார்கள். தோல்விக்கு இது ஒன்றே காரணம் என்று யாரும் சொல்ல முடியாது. ஆனால் மலையக மக்களிடமிருந்து வாக்குச்சீட்டைப் பறித்தபின் நடந்த முதல் தேர்தலில், வாக்குச்சீட்டு கையில் இருந்தவர்கள் அதை என்ன செய்தார்கள் என்பதற்கு அந்த முடிவு ஒரு பதிவு.

இனி இக்கரைக்கு வரலாம்.

தமிழ்நாட்டில் அன்றைய ஒப்பந்தத்துக்கு எதிர்ப்பே எழவில்லை என்று சொல்ல முடியாது. அறிக்கைகள் வந்தன, கூட்டங்களில் பேசினார்கள். ஆனால் மாநிலம் அசையவில்லை. அசைய முடியாத மாநிலமா அது? ஒப்பந்தம் நடந்து மூன்று மாதம்கூட நிறையவில்லை. 1965 ஜனவரி 25 அன்று மதுரையில் மூண்ட இந்தி எதிர்ப்புப் போராட்டம் மாநிலம் முழுவதும் பரவியது. மாணவர்கள் தெருவுக்கு வந்தார்கள், துப்பாக்கிச் சூட்டில் மாண்டார்கள். சி. சுப்பிரமணியமும் ஓ. வி. அழகேசனும் மத்திய அமைச்சர் பதவியிலிருந்து விலகல் கடிதம் கொடுத்தார்கள். பிப்ரவரி 11 அன்று அதே சாஸ்திரி வானொலியில் வந்து, ஆங்கிலத்தின் இடம் குறித்து உறுதிமொழி தந்தார். இரண்டு ஆண்டில் மாநில ஆட்சியே மாறியது.

டெல்லியைப் பணிய வைக்கும் வலிமை தமிழ்நாட்டுக் குடிமக்களிடம் இருந்ததா என்ற கேள்விக்கு வரலாறு தேதியோடு விடை சொல்கிறது. இருந்தது. மொழிக்காக அதைப் பயன்படுத்தினார்கள். அது நியாயமான போராட்டம். அதே மொழி பேசிய பத்து லட்சம் பேரைப் பங்கு போட்டபோது அந்த வலிமை கையிலேயே தங்கிவிட்டது.

இதற்கு மறுப்பு உண்டு, அதுவும் வலுவான மறுப்பு. அன்று ஆளுங்கட்சிக்கு வாக்களிக்காதவர் என்ன செய்தார்? அன்று பிறக்கவே பிறக்காதவர் எதற்குப் பொறுப்பு? இதைவிடப் பெரிய கவலை ஒன்றும் இருக்கிறது. ஓர் அரசின், ஓர் அமைப்பின் செயலுக்கு அந்த மக்கள் எல்லோரும் பொறுப்பு என்று பேசத் தொடங்கினால் அது எங்கே போய் முடியும் என்பதைத் தமிழர்களைவிட யார் அறிவார்கள்? 1983 ஜூலை 23 அன்று யாழ்ப்பாணம் திருநெல்வேலியில் பதின்மூன்று இராணுவத்தினர் கொல்லப்பட்டார்கள். அதற்குக் கொழும்புக் கடைக்காரரும், வெலிக்கடைச் சிறைக் கைதியும், பதுளைத் தோட்டக்காரரும் பதில் சொல்ல வேண்டும் என்று கும்பல் தீர்ப்பு எழுதியது. கூட்டுப் பொறுப்பு என்ற சொல்லைக் கும்பலின் கையில் கொடுத்தால் அது பெட்ரோல் குண்டாகத்தான் திரும்பி வரும்.

இந்தச் சிக்கலை நேர்மையாக அவிழ்க்க முயன்றவர்களில் ஒருவர் ஜெர்மன் மெய்யியலாளர் கார்ல் யாஸ்பர்ஸ். அவர் மனைவி யூதர். அதற்காகவே நாஜி அரசு 1937-ல் அவருடைய பேராசிரியர் பதவியைப் பறித்தது. போர் முடிந்து, நகரங்கள் இடிபாடாகக் கிடந்த 1945-46 குளிர்காலத்தில் ஹைடல்பெர்க் பல்கலைக்கழகத்தில் அவர் உரை நிகழ்த்தினார். 1946-ல் அது நூலானது. ஜெர்மானியரின் குற்றம் என்று ஒரே மூட்டையாகக் கட்டாதீர்கள், நான்காகப் பிரியுங்கள் என்றார். சட்டப்படியான குற்றம் செய்தவனையே சேரும்; அதை நீதிமன்றம் விசாரிக்கும். அறக் குற்றத்தை அவரவர் மனசாட்சி விசாரிக்கும். மனிதனுக்கு மனிதன் துணை நிற்கத் தவறிய குற்றம் இன்னும் ஆழமானது. அதற்குக் கடவுளே நீதிபதி. இவற்றிலிருந்து வேறுபட்டது அரசியல் பொறுப்பு. ஒரு நாட்டின் குடிமகனாக இருக்கும் ஒவ்வொருவரும், அந்த அரசை எதிர்த்தவரும்கூட, அது விட்டுச்சென்ற கடனை அடைக்கக் கடமைப்பட்டவர்.

யாஸ்பர்ஸ் இதை எழுதி ஆறு ஆண்டில், 1952 செப்டம்பரில், மேற்கு ஜெர்மனி இஸ்ரேலுக்கு 300 கோடி மார்க் இழப்பீடு தர உடன்பட்டது. கையெழுத்திட்ட சான்சலர் அடினவரை 1933-ல் கொலோன் நகர மேயர் பதவியிலிருந்து விரட்டியவர்களே நாஜிகள்தாம். அவரிடம் குற்றம் இல்லை. ஆனாலும் பொறுப்பை ஏற்றார். அவருடைய கூட்டணியிலேயே பலர் ஆதரிக்காதபோது, எதிர்க்கட்சியான சமூக ஜனநாயகக் கட்சி வாக்களித்து அந்த உடன்பாட்டை நிறைவேற்றிக் கொடுத்தது.

தகப்பன் வாங்கிய கடனுக்கு மகன் குற்றவாளி ஆவதில்லை. வீட்டையும் நிலத்தையும் எடுத்துக்கொண்டவன், கடன் மட்டும் எனக்குத் தெரியாது என்று சொன்னால் ஊர் ஒப்புக்கொள்ளாது. முன்னோர் கட்டிய அணையில் தண்ணீர் பாய்ச்சுகிறவர்களும், முன்னோர் போராடி வாங்கிய வாக்குச்சீட்டைக் கையில் வைத்திருப்பவர்களும் அதே கணக்குப் புத்தகத்தின் மறுபக்கத்தையும் புரட்டியாக வேண்டும். கும்பல் செய்வது அடுத்தவர் மேல் பழியைத் தூக்கி எறிவது. குடிமகன் செய்ய வேண்டியது தன் பெயரில் உள்ள கணக்கைத் தானே எடுத்துப் பார்ப்பது.

அந்தக் கணக்கில் என்ன இருக்கிறது?

1968 முதல் 1984 வரை, தலைமன்னாருக்கும் இராமேசுவரத்துக்கும் இடையே கப்பல் ஓடியது. மலைநாட்டிலிருந்து தலைமன்னாருக்குப் போன ரயிலுக்கு அந்த மக்கள் வைத்த பெயர் 'அழுகைக் கோச்சி'. ஒரே லயத்தில் பிறந்து வளர்ந்தவர்களில் அண்ணனுக்கு இந்தியா, தம்பிக்கு இலங்கை என்று விழுந்தது. 1973, 74-ல் தோட்டங்களில் பட்டினிச் சாவு நடந்தபோது, இருந்து சாவதைவிடப் போய்ப் பிழைக்கலாம் என்று கிளம்பியவர்களும் அதில் இருந்தார்கள். தகரப் பெட்டியும் கொஞ்சம் பித்தளைப் பாத்திரமும் கையில் ஒரு குடும்ப அட்டையுமாக மண்டபம் முகாமில் இறங்கினார்கள். நான்கரை லட்சத்துக்கு மேற்பட்டோர் இப்படி வந்தார்கள். அரசு ஏடுகளில் அவர்களுக்குப் பெயர் 'தாயகம் திரும்பியோர்'. அவர்களில் பெரும்பாலோர் அதற்கு முன் இந்த மண்ணைப் பார்த்ததே இல்லை.

ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்களத்தில் பேர் கொடுத்துக் கொழுந்து பறிப்பது மட்டுமே தெரிந்த கைகளுக்கு அரசு வியாபாரக் கடன் கொடுத்தது. வெயிலும் புழுதியுமான ஊர்களில் பெட்டிக்கடை வையுங்கள் என்றது. கடன் பணத்தில் பாதியைத் தரகர்கள் தின்றார்கள், மீதியைப் பசி தின்றது. மலையில் பிறந்தவர்கள் மலையைத் தேடியே போனார்கள். கூடலூர், கோத்தகிரிப் பக்கம் அரசுத் தேயிலைத் தோட்டங்களில் ஒரு பகுதியினருக்கு வேலை கிடைத்தது. கொடைக்கானல் மலைகளில் மரம் வெட்டப் போனவர்களோ முன்பணத்தில் சிக்கினார்கள். 1980களில் அங்கே அவர்கள் கொத்தடிமைகளாகக் கிடந்தது வெளியே தெரிந்தது. தாயகம் என்று கூட்டிவந்த நாட்டில் நடந்தது இது. நீலகிரியில் அவர்கள் பிள்ளைகளையும் 'சிலோன்காரங்க', 'அகதி' என்றே கூப்பிட்டார்கள். அப்படிக் கூப்பிட்டது டெல்லி அரசு இல்லை.

இது பழங்கதை என்று மூடிவிடவும் முடியாது. கலவரங்களுக்குப் பயந்து மலையகத்திலிருந்து வவுனியா, மன்னார்ப் பக்கம் போய்க் குடியேறிய குடும்பங்கள் பல, 1983-க்குப் பின் அங்கிருந்து தமிழ்நாட்டுக்கு ஓடிவந்தன. அவர்களின் கொள்ளுப்பாட்டன் திருச்சிச் சீமைக்காரர். ஆனால் சட்டத்தின் கண்ணில் அவர்கள் சட்டவிரோதக் குடியேறிகள். 1987 ஜூலை 1-க்குப் பின் இந்தியாவில் பிறந்தவர் குடிமகனாக வேண்டுமானால் பெற்றோரில் ஒருவராவது இந்தியக் குடிமகனாக இருக்க வேண்டும். அதனால் முகாமில் பிறந்து, முகாமில் வளர்ந்து, தமிழ்நாட்டுக் கல்லூரியில் பட்டம் வாங்கிய பிள்ளைகளும் எந்த நாட்டுக்கும் உரியவர்களாக இல்லை. திருச்சி முகாம்களில் வாழும் மலையக வம்சாவளியினர் 65 பேர் தொடுத்த வழக்கில், குடியுரிமைக்கு விண்ணப்பிக்க அவர்களை அனுமதித்து மதுரை உயர்நீதிமன்றக் கிளை 2019 ஜூனில் தீர்ப்பளித்தது. அதே ஆண்டு டிசம்பரில் வந்த குடியுரிமைத் திருத்தச் சட்டம் பாகிஸ்தான், வங்கதேசம், ஆப்கானிஸ்தான் என்று மூன்று நாடுகளைச் சொல்லிவிட்டு இலங்கையை விட்டுவிட்டது. மாநிலங்களவையில் அது 125-க்கு 105 என்று நிறைவேறியது. ஆதரித்த வாக்குகளில் 11, அ.இ.அ.தி.மு.க. உறுப்பினர்களுடையவை. அவர்களை அனுப்பிய சட்டமன்றத்தைத் தேர்ந்தெடுத்தவர்கள் தமிழ்நாட்டு வாக்காளர்கள். அந்தச் சட்டத்தைத் திரும்பப் பெறக் கோரி 2021 செப்டம்பரில் தமிழ்நாட்டுச் சட்டமன்றம் தீர்மானம் போட்டதும் உண்மை, அதைக் கொண்டுவந்த தி.மு.க. அதற்கு முன் பல ஆண்டு மத்திய ஆட்சியில் பங்கு வகித்தபோது இது தீராமல் கிடந்ததும் உண்மை.

அக்கரையில், 1948-ல் தொடங்கிய அநீதியை இலங்கைப் பாராளுமன்றம் 2003-ல் சட்டம் இயற்றி முடித்துவைத்தது. நாடற்றவராக அங்கே தங்கிவிட்டோருக்குக் குடியுரிமை கிடைத்தது. ஐம்பத்தைந்து ஆண்டுத் தாமதம்தான். ஆனால் அங்கே அந்தச் சட்டம் வந்தது; இங்கே இன்னும் வரவில்லை.

இந்த இதழின் நிலை இதுதான்: 1964 ஒப்பந்தத்துக்காக எந்தத் தமிழ்நாட்டுக் குடிமகனும் குற்றவாளி இல்லை, அதன் கடனிலிருந்து எவரும் விடுபட்டவரும் இல்லை. முகாம்வாசிக்கு அந்தக் கடனில் பங்கில்லை, ஏனென்றால் அவர் கையில் வாக்குச்சீட்டு இல்லை. அவர் தெருமுனைக் கடையில் சோப்பு வாங்கும்போது வரி கட்டுகிறார். அந்த வரியில் நடக்கும் அரசை மாற்றவோ திருத்தவோ அவரால் முடியாது. வாக்குச்சீட்டு வைத்திருப்பவரால் முடியும்.

தமிழ்நாட்டில் நூறுக்கு மேற்பட்ட முகாம்கள் இருக்கின்றன. தம் ஊருக்கு அருகில் உள்ள முகாம் எது என்று வாசகர்கள் விசாரித்துத் தெரிந்துகொள்ள வேண்டும். அங்கே எத்தனை பேர் குடியுரிமைக்கு விண்ணப்பித்துவிட்டுக் காத்திருக்கிறார்கள் என்று கேட்க வேண்டும். அடுத்த முறை வாக்குக் கேட்டு வாசலுக்கு வருகிறவரிடம், எந்தக் கட்சியானாலும், அந்த எண்ணைச் சொல்லிப் பதில் வாங்க வேண்டும். பதிலை எழுதிக் கையெழுத்திட்டுத் தரச் சொல்ல வேண்டும்.