மாறுவதற்கு ‘நிலையான’ என்று பெயரா?

சேலம் சூரமங்கலத்து மாணவன் நிரலெழுதக் கற்கிறான். ‘சுடேட்டிக்’ என்றால் யாதென வினவுகிறான். அகரமுதலியைப் புரட்டி ‘நிலையான’ என்று விடுக்கின்றனர் ஆசிரியர். அந்தோ! ஆக்கப்பட்ட நிலையங்கள் எத்தனை என்னும் எண்ணிக்கையைச் சுடேட்டிக்காக வைத்தால், ஒவ்வொன்று ஆக்குந்தோறும் அது ஏறுமே! நிலைத்தது எங்கே? தனிப்பொருள் எதற்கும் உரியதாகாது இனக்குழு முழுமைக்கும் பொதுவாதலே அதன் இயல்பு. ‘இனப்பொது’ என்க.

குற்றம் ஆங்கிலத்திலேயே உள்ளது. சி மொழியின் சொல்லைச் சி++ வேறு பொருளில் ஆண்டது, சாவாவும் பி.எச்.பி.யும் பின்பற்றின. இணையத்தளங்கட்குரிய பி.எச்.பி.யிலோ குழப்பம் இரட்டித்தது. ‘நிலையம்’ என்னும் தாயினக்குழுவில் ‘உருவாக்கு’ என்றோர் இனப்பொதுச் செயல். மரபுரிமத்தால் அதனைப் பெறும் சேயினக்குழு ‘சந்திப்பு’. சூரமங்கலத்திலுள்ள சேலம் சந்திப்பை ஆக்கச் சேயின் வழியே அழைக்கிறோம். செயலுக்குள் ‘நியூ செல்பு’ என்றிருப்பின் பிறப்பது வெறும் நிலையமே! எழுதப்பட்ட இனக்குழுவையே அச்சொல் சுட்டும். அழைக்கப்பட்ட இனக்குழுவைச் சுட்ட 2009-இல், 5.3ஆம் பதிப்பில், ஒரு சொல் தேவைப்பட்டது. இட்டதோ அதே ‘சுடேட்டிக்’! முன்னரே ஒதுக்கிய சொல்லாதலின் பழைய நிரல்கட்கு ஊறில்லை, மெய்தான். கற்பவனுக்கு?

தமிழில் இவ்விடர் ஏன்? எழுதப்பட்ட இனக்குழு செயலுக்குப் பிறந்தகம். மரபுரிமத்தால் சென்று வழங்குவது புகுந்தகம். ‘புதிய பிறந்தகம்’ எனின் நிலையம். ‘புதிய புகுந்தகம்’ எனின் சந்திப்பு. சூரமங்கலத்தில் எந்த வீட்டுப் பிள்ளைக்கு இவ்விரு சொல்லையும் விளக்க வேண்டும்?