கோழிக்குக் கூரை இருக்கு, காருக்கு இல்லை!

போன வாரம் அரியர் பற்றிப் புலம்பியதற்கு இத்தனை பேர் 'நானும்தான்' என்று கை தூக்குவீர்கள் என்று நான் எதிர்பார்க்கலை பாஸ். இந்த வாரம் அழுகாச்சி கிடையாது. கார்!

சிதம்பரத்திலிருந்து பிச்சாவரம் போகிற ரோட்டில் இருக்கு எங்க ஊர் கிள்ளை. போட்டிங் போகிற அவசரத்தில் கவனிக்காமல் தாண்டியிருப்பீங்க. மன்னிச்சாச்சு. அங்கே எங்க பெரியப்பா வீட்டு மாட்டுக் கொட்டகையில் ஒரு ஸ்டாண்டர்டு ஹெரால்டு நிற்கிறது. 1967-ல் வாங்கினது. ரெண்டே கதவு. மேலே கூரை இல்லை. போன மாசம் பழைய இரும்புக்காரர் வந்து எடை போட்டு விலை பேசிட்டுப் போயிருக்கார். கேட்டதும் எனக்குப் பகீர்னு ஆயிடுச்சு. மெக்கானிக்கல் படிக்கிறவன் கண் முன்னாடியே ஒரு கார் கிலோ கணக்கில் போறதா?

கார் பிறந்தப்போ அதற்குக் கூரையே கிடையாதுங்கிறது உங்களுக்குத் தெரியுமா? 1886-ல் கார்ல் பென்ஸ் பேட்டன்ட் வாங்கிய மூணு சக்கர வண்டி, முழுக்கத் திறந்த வண்டி. அதோட நகல் கோயம்புத்தூர் அவினாசி ரோட்டில் இருக்கிற ஜி.டி. கார் மியூசியத்தில் இருக்கு. அந்தக் காலத்தில் கார் பாடி கட்டியவங்களில் நிறைய பேர் குதிரை வண்டி கட்டின ஆட்கள்தான். நம்ம சென்னையிலும் அதே கதை. 1903-ல் சாமுவேல் ஜான் கிரீன் நீராவிக் கார் செய்தது, குதிரை வண்டிக்குப் பேர்போன சிம்ப்சன் கம்பெனியில். அதனால் பாடி வகைகளுக்கும் குதிரை வண்டிப் பெயர்களே ஒட்டிக்கிச்சு. ஃபீட்டன், கேப்ரியோலே, லாண்டோலெட்... எல்லாம் குதிரை இழுத்த பெயர்கள்.

திறந்த கார் என்றால் எல்லாம் ஒண்ணுன்னு நினைக்காதீங்க. நாலைந்து பேர் உட்கார்ற திறந்த வண்டி டூரர். அதில் ஏற்றி இறக்கும் கண்ணாடி கிடையாது. மழை வந்தால் பக்கவாட்டில் திரை மாட்டிக்கணும், நம்ம ஆட்டோ மாதிரி. ரெண்டு சீட் மட்டும் இருந்தால் ரோட்ஸ்டர். அதில் பின்னாடி மூடியைத் திறந்தால் இன்னொரு சின்ன சீட் வரும், அதற்கு டிக்கி சீட்னு பெயர். நாம இன்னைக்கும் காரின் பின்பக்கத்தை 'டிக்கி' என்கிறோமே, அது இங்கிருந்து வந்ததுதான்! கண்ணாடி ஏறி இறங்கும், மூடினால் வீடு மாதிரி இருக்கும் என்றால் அது கேப்ரியோலே. இங்கிலாந்துக்காரர்கள் அதையே டிராப்ஹெட் கூபே என்பார்கள். லாண்டோலெட் கொஞ்சம் வில்லங்கம். முதலாளி உட்கார்ற பின் பாதி மட்டும்தான் திறக்கும்.

இதெல்லாம் ஏன் இவ்வளவு அபூர்வமாச்சு? கித்தான் நைஞ்சு போகும். உள்ளே இருக்கிற மரச்சட்டத்தைக் கரையான் அரிக்கும். 1920-களில் மூடிய இரும்பு பாடி மலிவாகிவிட, திறந்த காரைச் சீந்த ஆள் குறைஞ்சது. தப்பிச்சதெல்லாம் பெரிய இடத்து வண்டிகள். ராஜ்கோட் மகாராஜாவுக்காக 1934-ல் த்ரப் அண்ட் மேபர்லி பாடி கட்டிய ரோல்ஸ் ராய்ஸ் 'ஸ்டார் ஆஃப் இந்தியா', 1968-ல் கைமாறி வெளிநாடு போய், 2010-ல் ஏலத்தில் அதே குடும்பத்துக்குத் திரும்பி வந்தது.

நம்ம பக்கம் மகாராஜா யாரு? கல்யாண மாப்பிள்ளை! மாப்பிள்ளை அழைப்புக்குத் திறந்த கார் இல்லைன்னா சம்பந்தி வீட்டில் முகம் கோணும். எங்க பெரிய தாத்தாவும் அதற்காகத்தான் ஹெரால்டின் கூரையைக் கழற்றினார். சிதம்பரம் வீதிகளில் பெட்ரோமாக்ஸ் வெளிச்சத்தில் நாதஸ்வரத்துக்குப் பின்னாடி ஊர்ந்து போன வண்டி. எங்க அப்பாவே அதில்தான் மாப்பிள்ளையாகப் போனார்.

'நான் அம்பாசடர் கூரையை வெட்டிக்கிறேன்'னு யாராவது கிளம்பினீங்கன்னா, கொஞ்சம் பொறுங்க. ஒரு தீப்பெட்டி எடுங்க. உள்டப்பாவை மட்டும் உருவி முறுக்கிப் பாருங்க, சுலபமா வளையும். மேலுறைக்குள் தள்ளி முறுக்குங்க, வளையாது. அம்பாசடரில் தனி சேஸிஸ் இல்லை, பாடியும் கூரையும் சேர்ந்துதான் பாரம் தாங்குது. கூரையை வெட்டினால் நடுவில் தொய்யும், கதவு சாத்தாது. ஹெரால்டு அப்படி இல்லை. 1959-ல் இங்கிலாந்தில் ட்ரையம்ப் பெயரில் வந்த இந்த வண்டிக்கு அடியில் தனி சேஸிஸ். மேல் பாடி துண்டு துண்டாக போல்ட் போட்டது. கூரையும் போல்ட்தான். கம்பெனியே திறந்த மாடலும் விற்றது. வடிவமைத்தவர் இத்தாலிக்காரர் மிச்செலோட்டி, நம்ம ஊரில் அதைக் கட்டியது வண்டலூர் பக்கம் இருந்த ஸ்டாண்டர்டு மோட்டார். ஸ்பேனர் செட்டும் நாலு ஆளும் இருந்தால் கூரை கையோடு வந்துடும்.

சேஸிஸ் தப்பிச்சிருக்கான்னு குனிந்து பார்த்தேன். உப்பங்கழிக் காற்று சும்மா விடுமா? பக்கவாட்டுக் கைகள் பொருபொருன்னு உதிருது. நடுச்சட்டம் மட்டும் சுத்தியலால் தட்டினால் கணீர்னு சொல்லுது. உயிர் இருக்கு!

சிக்கல் இனிமேதான். 2021 ஜூலையில் மத்திய அரசு பழங்கால வாகனங்களுக்குத் தனி விதி கொண்டுவந்தது. முதல் பதிவாகி 50 வருஷம் தாண்டிய வண்டிக்கு 'விஏ' என்ற எழுத்தோடு நம்பர் கொடுப்பாங்க. புதுப்பதிவுக்கு 20,000 ரூபாய், பத்து வருஷம் செல்லும். கண்காட்சி, ரேலி, பெட்ரோல் போட, ரிப்பேர் பார்க்க ஓட்டிக்கலாம். தினமும் காலேஜுக்கு ஓட்ட முடியாது, அதனால் கனவு காணாதீங்க. ஏற்கெனவே பதிவான வண்டி என்றால் ஆர்.சி. புத்தகம் கேட்பாங்க. பெரியம்மா டிரங்குப் பெட்டியில் பட்டுப்புடவைக்கு அடியில் பத்திரமா இருந்துச்சு. ஆனால் இன்னொரு நிபந்தனை இருக்கு. வண்டி அசல் உருவத்தில் இருக்கணும், சேஸிஸிலோ பாடியிலோ எஞ்சினிலோ மாற்றம் செய்திருக்கக் கூடாது. கூரை கழற்றின வண்டி அதில் அடிபடும்னுதான் எனக்குப் படுது.

அதாவது, காரைக் காப்பாற்றணும்னா கூரையைத் திரும்ப மாட்டணும்.

பெரியப்பாகிட்ட சொன்னேன். ரொம்ப நேரம் பேசலை. அப்புறம், "கூரையைப் போட்டா அது யாரோ வீட்டு வண்டி மாதிரி ஆயிடும்டா தம்பி" என்றார். அவர் சொல்றதும் நியாயம்தான். எனக்கோ யாரோ வீட்டு வண்டி மாதிரி இருந்தாலும் பரவாயில்லை, வண்டியா இருக்கணும். ரெண்டு நாள் கழிச்சு அவரே, "கழட்டின கூரை எங்கேன்னு உன் பெரியம்மாவைக் கேளு" என்றார்.

கொல்லைப்புறத்தில் கோழிக்கூண்டுக்கு மேலே இருந்தது. பெயின்ட் போயிருக்கு, ஒரு ஓரம் நசுங்கியிருக்கு, ஓட்டை இல்லை. டேப் வைத்து அளந்தேன். போல்ட் துளைகள் காரோடு ஒத்துப்போகுது. தூக்கப் போனபோது பெரியம்மா இடுப்பில் கை வைத்துக்கொண்டு வந்து நின்றார்.

"முதல்ல கோழிக்கு வேற கூரை போட்டுக் குடு. அப்புறம் காருக்குப் பாரு."

இரும்புக்காரர் பொங்கல் கழிச்சு வர்றேன்னு சொல்லியிருக்கார். நான் சனிக்கிழமை கீற்று வாங்கப் போறேன்.