சீனி போடாத கோப்பி



பலஸ்தீனம் என்றதும் எமது மனக்கண் முன் வருவது அல்-அக்ஸாவும், இடிந்த வீடுகளும், பிள்ளையைத் தூக்கிக்கொண்டு ஓடும் தாய்மாருமே. அந்தத் தாய்மார் தம் வீட்டுக்கு வரும் விருந்தாளியை எப்படி வரவேற்பார்கள், பெண் கேட்டு வருவோருக்கு எப்படிப் பதில் சொல்வார்கள், மௌத்து வீட்டில் எப்படி நடந்துகொள்வார்கள் என்பவற்றை நாம் கேட்டறிந்தது மிகக் குறைவு. இம்மாதம் அவை பற்றிச் சற்றுப் பேசுவோம். பேச்சை ஒரு சின்னக் கோப்பிக் கோப்பையிலிருந்து ஆரம்பிப்போம். அம்மக்களின் சபை மரியாதையில் பெரும்பகுதி அந்தக் கோப்பைக்குள்ளேதான் இருக்கிறது.

பலஸ்தீன வீடொன்றுக்குப் போனவர் ஒன்றும் அருந்தாமல் திரும்புவது அந்த வீட்டுக்குக் குறை. விருந்தாளி முதலில் “வேண்டாம்” என்பார். வீட்டுக்காரர் விடமாட்டார். இரண்டாம் முறையும் மூன்றாம் முறையும் வற்புறுத்துவார். முதல் முறையிலேயே “சரி, வேண்டாமென்றால் விடுங்கள்” என்று இருந்துவிட்டால், மனமில்லாமல் கேட்டதாகத்தான் பொருள். நகர வீடுகள் பலவற்றில் குளிர்பானம், தேநீர், பழங்கள் எல்லாம் வந்த பிறகு கடைசியாகவே கோப்பி வரும். அது வந்தால் விருந்தாளி இனி எழும்பலாம் என்பது சொல்லாமலே விளங்கும். ஆகவே கோப்பியை அவசரப்பட்டுக் கொண்டுவரும் மருமகளுக்கு மாமியிடமிருந்து ஒரு பார்வை நிச்சயம் உண்டு!

நகப் பாலைவனத்து பதவீ மக்களிடம் இன்னும் நுட்பமான முறைகள் உண்டு. கோப்பி ஊற்றுபவர் கெண்டியை இடக்கையில் பிடித்து, கோப்பையை வலக்கையால் நீட்டுவார். கோப்பையின் அடியில் கொஞ்சமாகத்தான் ஊற்றுவார். நிரம்ப ஊற்றினால், “குடித்துவிட்டுப் புறப்படு” என்று சொன்னது போலாகிவிடும். குடித்தவர் போதும் என்பதற்குக் கோப்பையை இலேசாக ஆட்டிக் கொடுக்க வேண்டும். ஆட்டாமல் கொடுத்தால் மீண்டும் மீண்டும் ஊற்றிக்கொண்டே இருப்பார்கள்.

குடித்து முடித்தவர் “தாயிமா” என்பார். இந்த வீட்டில் இது என்றென்றும் நிலைக்கட்டும் என்பது அதன் கருத்து. வீட்டார் “ஸஹ்தைன்” என்பார்கள். இரட்டை ஆரோக்கியம் உண்டாகட்டும் என்று அதற்குப் பொருள். இந்த “தாயிமா” என்ற சொல்லை மட்டும் ஞாபகத்தில் வைத்துக்கொள்ளுங்கள். பின்னர் அதற்குத் திரும்பி வருவோம்.

இன்னும் சில வழக்கங்கள் எமக்கும் பழக்கமானவை. பிறர் வீட்டுக் குழந்தையைப் பாராட்டும்போது “மாஷா அல்லாஹ்” சொல்ல மறக்கக்கூடாது. சொல்லாவிட்டால் தாயின் முகம் மாறிவிடும். கீழே விழுந்த ரொட்டித் துண்டைக் காலில் மிதிபட விடமாட்டார்கள். எடுத்து முத்தமிட்டு உயரமான இடத்தில் வைப்பார்கள். சபையில் அடுத்தவரை நோக்கிச் செருப்பின் அடிப்பாகம் தெரிய உட்காருவது மரியாதைக் குறைவு. அந்நியப் பெண்ணைச் சந்திக்கும் ஆண், அவள் கை நீட்டாதவிடத்து, தன் கையை நெஞ்சில் வைத்து ஸலாம் சொல்வான். அயல் வீட்டிலிருந்து சாப்பாடு வந்த பீங்கானை வெறுமனே திருப்பி அனுப்பமாட்டார்கள். வீட்டில் வேறெதுவும் இல்லாவிட்டாலும் ஒலிவ் காய்கள் கொஞ்சமாவது அதில் போகும்.

இவையெல்லாம் வெறும் சம்பிரதாயங்களா? அப்படி நினைத்துவிட வேண்டாம் சகோதரிகளே. ஒருவரின் முகத்தைக் காப்பாற்றுவதும், ஒருவரின் மனச்சுமையைக் குறைப்பதுமே இவற்றில் பலவற்றின் நோக்கம். பெண் கேட்கும் முறையைப் பார்த்தால் இது நன்கு விளங்கும்.

மாப்பிள்ளை வீட்டுப் பெரியவர்கள் கூட்டமாகப் பெண் வீட்டுக்குப் போவதை “ஜாஹா” என்பார்கள். அவர்களில் மதிப்புக்குரிய ஒருவர் பேசுவார். அவருக்கு முன்னால் கோப்பி வைக்கப்படும். அவர் அதைத் தொடமாட்டார். வந்த காரியத்தைச் சொல்வார். பெண்ணின் தரப்பில் பேசுபவர், “உங்கள் கோப்பியைக் குடியுங்கள், கேட்டு வந்தது கிடைத்துவிட்டது” என்று சொன்ன பிறகுதான் கோப்பை உதட்டுக்குப் போகும். பாத்திஹா ஓதப்படும். சபை மகிழ்ச்சியடையும்.

அப்படியானால், “முடியாது” என்று சொல்லிவிட்டால் எவ்வளவு அவமானம் என்று நீங்கள் கேட்பீர்கள். அதற்குத்தான் பெண்கள் இருக்கிறார்கள். ஜாஹா வருவதற்கு முன்பே மாப்பிள்ளையின் தாயும் சகோதரிகளும் சும்மா வந்தவர்கள் போல் வந்து பேசிப் பார்த்திருப்பார்கள். பெண்ணின் விருப்பமும் வீட்டாரின் நிலைப்பாடும் குசினிக்குள்ளேயே தெரிந்துவிடும். விருப்பமில்லையென்றால் விடயம் அங்கேயே, எவருக்கும் தெரியாமல் முடிந்துவிடும். பெண்ணும் பையனும் ஊர் வாயில் விழமாட்டார்கள். ஆண்களின் சபையில் கேட்கும் “ஆம்” என்பது பெண்கள் முன்கூட்டியே எடுத்த முடிவு!

கொலை, காயம் போன்ற பெரும் சச்சரவுகளிலும் இதே கோப்பைதான். குற்றம் செய்தவரின் தரப்பினர் பெரியவர்களை அனுப்பி முதலில் “அத்வா” என்னும் தவணை கேட்பார்கள். இரத்தம் கொதிக்கும் அந்த முதல் தவணை மூன்று நாட்களும், நாளில் மூன்றிலொரு பங்கும். பழிவாங்கல் நடக்காமல் இருக்க அந்த அவகாசம் உதவுகிறது. பாதிக்கப்பட்டவரின் வீட்டில் வைக்கப்படும் கோப்பியை, கேட்டது கிடைக்கும்வரை பெரியவர்கள் தொடமாட்டார்கள். இதன் மூலம் அணைந்த பகைகள் ஏராளம்.

ஆனால், ஒன்றைச் சொல்லாமல் விடுவது நேர்மையாகாது. இதே வழக்கத்தில் “ஜல்வா” என்றொரு பகுதியும் உண்டு. கொலை செய்தவனின் உறவினர் ஊரை விட்டே வெளியேற வேண்டும் என்பது அது. ஒரு தவறும் செய்யாத பெண்களும் பாடசாலைப் பிள்ளைகளும் வீட்டைப் பூட்டிவிட்டுப் போக நேர்கிறது. ஒருவரின் பாவச் சுமையை மற்றவர் சுமக்கமாட்டார் என்று குர்ஆன் கற்பிக்கும்போது இது எப்படி நியாயமாகும் என்று பலஸ்தீனர்களே கேட்கிறார்கள். வழக்கம் என்பதற்காக எல்லாவற்றையும் தலையில் தூக்கி வைக்க வேண்டியதில்லை. ஆளை வருத்தும் வழக்கத்தை விட்டுவிட்டு, ஆளைத் தேற்றும் வழக்கத்தைப் பிடித்துக்கொள்வதே புத்தி.

அப்படித் தேற்றும் வழக்கத்துக்கு இப்போது வருவோம்.

பலஸ்தீனத்தில் ஒரு வீட்டில் மௌத்து நிகழ்ந்தால் மூன்று நாட்கள் தஃஸியாவுக்கு ஆட்கள் வருவார்கள். ஆண்கள் கூடாரத்திலோ குடும்பத்தின் பொது மண்டபத்திலோ இருப்பார்கள். பெண்கள் வீட்டுக்குள் இருப்பார்கள். வருவோருக்குச் சிறு கோப்பையில் கறுப்புக் கோப்பி கொடுக்கப்படும். அதில் சீனி இருக்காது. “கஹ்வா ஸாதா” என்று அதற்குப் பெயர். சில இடங்களில் ஒரு பேரீச்சம்பழமும் கூட வரும். நீண்ட பேச்சு இல்லை, சிரிப்பு இல்லை. குடித்துவிட்டு “தாயிமா” என்று மட்டும் சொல்லிவிடக்கூடாது! இந்த வீட்டில் துக்கம் நிலைக்கட்டும் என்றல்லவா ஆகிவிடும்! “அல்லாஹ் யர்ஹமுஹு” என்று மௌத்தானவருக்கு துஆச் செய்து கோப்பையை வைத்துவிட வேண்டும். பெத்லஹேமிலும் ரமல்லாவிலும் வாழும் கிறிஸ்தவக் குடும்பங்களிலும் துக்க வீட்டுக் கோப்பி கசப்புத்தான்.

முக்கியமான விடயம் அடுப்பு. மௌத்து வீட்டார் சமைக்கமாட்டார்கள். உறவினரும் அயலவரும் முறை வைத்து மூன்று நாட்களும் சாப்பாடு கொண்டுவருவார்கள். அதே தெருவில் ஒரு கல்யாணம் நிச்சயிக்கப்பட்டிருந்தால், அந்த வீட்டார் மௌத்து வீட்டுக்குப் போய் அனுமதி கேட்பார்கள். அனுமதி கிடைத்தாலும் பாட்டுச் சத்தம் இல்லாமல் அமைதியாக நடத்துவார்கள், அல்லது பிற்போடுவார்கள். மௌத்துக்குப் பின் வரும் முதலாவது பெருநாளில் அந்த வீட்டில் மஃமூல் பலகாரம் செய்யப்படுவதில்லை. பெருநாள் காலையில் உறவினர் வந்து அதே கசப்புக் கோப்பியைக் குடித்து, “நாங்கள் மறக்கவில்லை” என்று சொல்லாமல் சொல்லிப் போவார்கள். 1987இல் ஆரம்பித்த முதலாவது இன்திபாழாவின்போது ஊரே துக்க வீடாகியது. அந்த ஆண்டுகளில் கல்யாணங்கள் மேளதாளம் இன்றி, ஆடம்பரம் இன்றி நடந்தன.

இவற்றையெல்லாம் வழிவழியாகக் காத்து வந்தவர்கள் பெண்களே. பின்லாந்து நாட்டின் ஹில்மா கிரான்க்விஸ்ட் என்ற பெண் ஆய்வாளர், பெத்லஹேமுக்கு அருகிலுள்ள அர்தாஸ் கிராமத்துக்கு 1925இல் வந்தார். அங்கு தங்கி, கல்யாணம், பிள்ளைப்பேறு, மரணம் ஆகியவற்றின் வழக்கங்களை எழுதினார். மரணமும் அடக்கமும் பற்றிய அவரது நூல் 1965இல் வெளியானது. அவருக்கு முக்கியமாகத் தகவல் சொன்னவர்கள் அந்தக் கிராமத்துப் பெண்கள் இருவர். 1948இல் 7 இலட்சத்துக்கும் மேற்பட்ட பலஸ்தீனர்கள் வீடு வாசலை இழந்து அகதிகளானபோது, அவர்களால் நிலத்தைத் தூக்கிச் செல்ல முடியவில்லை. ஆனால் இந்த வழக்கங்களை முகாம்களுக்குக் கொண்டுபோனார்கள். ஒரே ஊரார் முகாமிலும் அருகருகே இருந்து, ஒருவரின் மௌத்துக்கு மற்றவர் சோறு கொண்டுபோனார்கள்.

2023 அக்டோபரில் காஸாவில் தொடங்கிய போர் இந்த வழக்கத்தையும் விட்டுவைக்கவில்லை. கொல்லப்பட்டோர் தொகை 2025 ஜூலை இறுதியில் 60,000ஐக் கடந்துவிட்டது என்று காஸாவின் சுகாதார அமைச்சு அறிவித்தது. மையித்தை அடக்கப் பள்ளிவாசல் மையவாடிக்குப் போக முடியாமல் முற்றத்தில் அடக்கினார்கள். தஃஸியாவுக்கு வர வேண்டிய அயலவரும் அதே இடிபாட்டுக்குள் இருந்தார்கள். கோப்பித் தூள் கிடைக்காமல், கடலையை வறுத்து இடித்துக் கோப்பி என்று குடித்தார்கள். சகோதரிகளே, உயிரையும் வீட்டையும் இழப்பது ஒரு துயரம். இழந்ததற்காக முறையாக அழவும், பிறர் வந்து பக்கத்தில் இருக்கவும் வழியில்லாமல் போவது அதற்கு மேல் இன்னொரு துயரம்.

ஹிஜ்ரி 8இல் முஃதா போரில் ஜஃபர் (ரழி) அவர்கள் ஷஹீதானார்கள். முஃதா இன்றைய ஜோர்தானில், பலஸ்தீனத்துக்குப் பக்கத்தில்தான் இருக்கிறது. செய்தி மதீனாவை அடைந்ததும், ஜஃபரின் வீட்டார் கவலையில் மூழ்கியிருப்பதால் அவர்களுக்கு உணவு தயாரித்துக் கொடுக்குமாறு நபி (ஸல்) அவர்கள் ஏவினார்கள். பலஸ்தீனத்துப் பெண்கள் மூடிய சட்டியோடு அயல் வீட்டுப் படியேறும்போது அந்த ஸுன்னத்தைத்தான் நிறைவேற்றுகிறார்கள்.

இனி எம் பக்கம் பார்ப்போம். எமது ஊர்களில் எத்தனை மௌத்து வீடுகளில், கணவனை இழந்த பெண்ணின் பிள்ளைகள் வந்தவர்களுக்குத் தேத்தண்ணி ஊற்றிக்கொண்டு நிற்கிறார்கள்? எத்தனை வீடுகளில் சாப்பாட்டுச் செலவுக்குக் கடன் வாங்குகிறார்கள்? நாம் போய்க் கதிரையில் இருந்து, “என்ன வருத்தம், எந்த ஆஸ்பத்திரி” என்று அந்தத் தாயை ஆளுக்கொரு தடவை கதை சொல்ல வைத்துவிட்டு வருகிறோம் அல்லவா?

அடுத்த முறை மௌத்துச் செய்தி காதில் விழுந்தால், உடுப்பு மாற்றுவதற்கு முன் அடுப்பில் ஒரு பானை வையுங்கள். அயல் வீட்டு ராத்தாவிடம் நாளைக்கு யார், மறுநாள் யார் என்று பேசி முறை வைத்துக்கொள்ளுங்கள். போன வீட்டில் குறைவாகப் பேசி, நிறைய துஆச் செய்யுங்கள். முதலாவது பெருநாள் அன்று அந்த வீட்டை மறந்துவிடாதீர்கள்.

தேற்ற ஆளில்லாமல் தவிக்கும் பலஸ்தீனத்துத் தாய்மாரின் உள்ளங்களுக்கு அல்லாஹ் ஆறுதல் அளிப்பானாக! அவர்களின் வீடுகளில் மீண்டும் சீனி போட்ட கோப்பியும், “தாயிமா” என்ற சொல்லும் ஒலிக்கச் செய்வானாக! ஆமீன்.

வஸ்ஸலாம்.