நாணயத்திலும் நாணயம் வேண்டும்



பல்லாவரத்தில் வெள்ளிதோறும் கூடும் பழம்பொருள் சந்தையைத் தாம்பரம், குரோம்பேட்டை வட்டாரத்தார் நன்கு அறிவர். அங்கே பழைய காசு வாங்க விரும்புபவர் அதைக் கையில் எடுத்துப் பார்க்கலாம். விற்பவரின் முகம் நோக்கி வினா எழுப்பலாம். இன்று அந்தச் சந்தை கைபேசித் திரைக்குள்ளும் புகுந்துவிட்டது. அங்கே வாங்குபவர் காண்பது படத்தை மட்டுமே. இந்த இடைவெளியில்தான் வஞ்சகம் குடியேறியிருக்கிறது.

ஜஹாங்கீர் பாதுஷா வெளியிட்ட இராசி உருவ நாணயங்கள் அரியவை. சேகரிப்போர் பெரிதும் விரும்புபவை. அதனாலேயே அவற்றின் போலிகள் ஏராளம். கிழக்கிந்தியக் கம்பெனியின் பெயரும் 1818 என்ற ஆண்டும் தெய்வ உருவங்களும் தாங்கிய ‘அரையணா’க்களும் இணையத்தில் உலவுகின்றன. கம்பெனி அப்படியொரு காசை அச்சிட்டதே இல்லை.

பழங்காசின் நகலை நகலென்றே சொல்லி விற்பதில் குறையில்லை. அசலின் படத்தைக் காட்டி, ‘நகல்’ என்னும் ஒரு சொல்லைக் கடைசி வரியில் பொடி எழுத்தில் ஒளித்து வைப்பதை என்னவென்பது?

அண்ணல் நபி (ஸல்) அவர்கள் கடைவீதியில் தானியக் குவியல் ஒன்றினுள் கையை நுழைத்தார்கள். அடியில் ஈரம் தட்டுப்பட்டது. மழையில் நனைந்துவிட்டதாக வணிகர் கூறினார். நனைந்ததை மக்கள் காணும்படி மேலே வைத்திருக்கலாகாதா என்று வினவிய நபிகளார், ஏமாற்றுபவர் தம்மைச் சார்ந்தவர் அல்லர் எனக் கண்டித்தார்கள். தானியம் நனைந்தது வணிகரின் பிழையன்று. ஈரத்தை மறைத்ததே பிழை. பொடி எழுத்தில் ஒளியும் ‘நகலும்’ அடியில் மறைத்த ஈரமே ஆகும்.

இதனினும் கொடியது ஒன்றுண்டு. ‘பிஸ்மில்லாஹிர் ரஹ்மானிர் ரஹீம்’ என்பதன் எழுத்துகளை அப்ஜத் முறையில் கூட்டினால் வரும் தொகை 786. இவ்வெண் கொண்ட ரூபாய் நோட்டைப் பல இலட்சம் கொடுத்து வாங்கிக்கொள்வதாக விளம்பரம் செய்கிறார்கள். நம்பித் தொடர்பு கொள்பவரிடம் பதிவுக் கட்டணம், வரி, தரகு என்று ஒவ்வொன்றாகக் கறக்கிறார்கள். மகளின் திருமணத்துக்கென ஒருவர் சிறுகச் சிறுகச் சேர்த்த பணம் ஒரே மாலையில் கரைந்துபோகும். வராத இலட்சத்துக்காக உள்ள ஆயிரத்தை இழப்பதே இவ்வாணிபத்தின் முடிவு.

ரிசர்வ் வங்கியின் பெயரையே இதற்குப் பயன்படுத்தினார்கள். 2021 ஆகஸ்ட் 4 அன்று அவ்வங்கி மக்களை எச்சரித்தது. பழைய நோட்டு, நாணய வியாபாரத்தில் தான் ஈடுபடுவதில்லை. கட்டணமோ தரகோ கேட்பதில்லை. தன் சார்பில் அவற்றை வசூலிக்க எவருக்கும் அதிகாரம் அளிக்கவில்லை என்று தெளிவுபடுத்தியது.

இறைவனின் திருநாமத்தோடு தொடர்புடையதென மக்கள் மதிக்கும் எண்ணையே தூண்டிலாக்குவது எத்துணைக் கொடுமை! இவ்வெண்ணுக்குத் திருமறையிலோ நபிமொழியிலோ தனிச்சிறப்பு எதுவும் கூறப்படவில்லை. அது பதிந்த பத்து ரூபாயும் பத்து ரூபாயே. விரும்பிச் சேர்ப்போர் சற்றுக் கூடுதலாகத் தரக்கூடும். இலட்சங்களைக் கொட்டுவார் என எதிர்பார்ப்பது பேராசை. விரிக்கப்பட்ட வலை பிறருடையது. அதை நோக்கி நடக்கும் கால் நம்முடையதன்றோ?

ஆகவே விழிப்பாயிருங்கள். விளிம்பைச் சுற்றி ஓடும் ஒட்டுக்கோடும், மேற்பரப்பிலுள்ள நுண்குழிகளும் அச்சில் வார்த்த போலியைக் காட்டிக்கொடுக்கும். எடை பொருந்துகிறதா என்று பாருங்கள். நூறாண்டைக் கடந்த நாணயம் 1972ஆம் ஆண்டுத் தொல்பொருள் சட்டத்துக்குள் அடங்கும்; அதனை வாணிபம் செய்ய உரிமம் வேண்டும். விற்பவரிடம் அதைக் கேளுங்கள். விற்கும் முன்னரே பணம் கட்டச் சொன்னால் அக்கணமே விலகுங்கள். ஏமாந்துவிட்டால் வெட்கி ஒளியாமல் 1930 என்ற எண்ணுக்கு உடனே தெரிவியுங்கள். தாமதிக்கும் ஒவ்வொரு மணியும் பணத்தை எட்டாத தொலைவுக்குக் கொண்டுசெல்லும்.

விற்பவருக்கும் ஒரு சொல். துணி வணிகரான இமாம் அபூஹனீஃபா (ரஹ்) அவர்களின் கூட்டாளி, குறையுள்ள துணியை அக்குறையைச் சொல்லாமல் விற்றுவிட்டார். வாங்கியவரைக் கண்டறிய இயலாத நிலையில், அதன் தொகையை இமாம் அவர்கள் தருமம் செய்துவிட்டதாக வரலாறு கூறுகிறது. தாம் சொல்லாத பொய்க்கே அஞ்சியவர்கள் அப்பெரியோர்!

காசுக்கும் நேர்மைக்கும் ‘நாணயம்’ என்ற ஒரே பெயரை வைத்தது தமிழ். முன்னது போலியானால் பொருள் நட்டம். பின்னது போலியானால் மறுமையே நட்டம்.