மழை வருமென்று தெரியும், எந்தத் தெருவுக்கு?

 

2023 டிசம்பர் 17, 18 தேதிகளைக் காயல்பட்டினம் மறக்காது. 24 மணி நேரத்தில் ஏறத்தாழ 95 சென்டி மீட்டர் மழை! தூத்துக்குடி மாவட்டம் ஓராண்டு முழுவதும் காணும் மழையைவிட அதிகம். ஸ்ரீவைகுண்டத்தில் நூற்றுக்கணக்கான பயணிகள் ரயிலோடு சிக்கிக்கொண்டனர். பிறகு என்ன நடந்தது? முன்பே எச்சரித்தோம் என்றது மத்திய அரசு. எச்சரிக்கை போதவில்லை என்றது மாநில அரசு. பழைய பல்லவிதான்.

நாம் கேட்பது வேறு. எச்சரிக்கை ஒழுங்காகவே வந்தாலும், எந்தத் தெருவை முதலில் காலி செய்வது என்று அது சொல்லுமா?

அதைச் சொல்வதற்கு இருப்பதுதான் புவியியல் தகவல் தொழில்நுட்பம். நிலத்தின் மேடு பள்ளம் ஓர் அடுக்கு. ஆறு, குளம், ஓடை ஓர் அடுக்கு. வீடு, சாலை, மருத்துவமனை இன்னோர் அடுக்கு. இவற்றைக் கணினியில் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து, பெய்யப்போகும் மழையின் அளவைக் கொடுத்தால், தண்ணீர் எங்கே தேங்கும், எந்தச் சாலை அறுபடும் என்பதை முன்கூட்டியே கணக்கிடலாம். இஸ்ரோவின் ‘புவன்’ 2009 முதல் இருக்கிறது. தமிழக அரசும் 2018-ல் ‘டிஎன் ஸ்மார்ட்’டைக் கொண்டுவந்தது. ஆனால் வரைபடம் அதிகாரிகளின் கணினியில் இருந்தால், பள்ளத்தில் குடியிருப்பவனுக்கு என்ன பயன்?

ஜமாஅத் நிர்வாகிகளுக்கும் ஒரு வார்த்தை. 2015 சென்னை வெள்ளத்தில் மதம் பாராமல் பள்ளிவாசல்களைத் திறந்துவிட்ட சமுதாயம் நாம், அல்ஹம்துலில்லாஹ். ஆனால் வெள்ள நேரத்தில் போன் செய்யத் தெரிந்தவருக்கே படகு முதலில் போகிறது. படுத்த படுக்கையாய்க் கிடக்கும் மூதாட்டி போன் செய்வதில்லை. மஹல்லா பதிவேட்டைச் சந்தாவுக்கும் நிக்காஹுக்கும் மட்டும்தான் புரட்ட வேண்டுமா? முதியோர், நோயாளிகள், கர்ப்பிணிகள் உள்ள வீடுகளை, அவர்களின் சம்மதத்தோடு, தெரு வரைபடத்தில் குறித்து வையுங்கள். அக்கம்பக்கத்துப் பிற சமயத்தவர் வீடுகளையும் விட்டுவிடாதீர்கள். கணினி படிக்கும் நம் பிள்ளைகளுக்கு இது சில நாள் வேலை.

கசப்பான ஒன்றும் உண்டு. ஓடையை மறித்து நிற்பது யார் என்பதையும் வரைபடம் காட்டிவிடும். அரசு அலுவலகம் தெரியும், வணிக வளாகம் தெரியும். வக்ஃபு இடத்துக் கடை ஒன்றும் தெரியலாம். தெரிந்தால் அதுவும் நகரத்தான் வேண்டும். நம்முடையதை வைத்துக்கொண்டு அடுத்தவரை எப்படிக் கேட்பது?

வடகிழக்குப் பருவமழைக்கு முன், வார்டுவாரியான வெள்ள அபாய வரைபடத்தைத் தமிழில் அச்சிட்டு, நகராட்சி, ஊராட்சி அலுவலகங்களிலும் ரேஷன் கடைகளிலும் ஒட்டும்படி கலெக்டரிடம் மனு கொடுங்கள். நகலை நமக்கு அனுப்புங்கள். கிடைத்த பதிலை, பதிலே வராவிட்டால் அதையும், ஊர்ப் பெயரோடு வெளியிடுவோம், இன்ஷா அல்லாஹ்.