நெருப்புக்குச் சட்டம் உண்டு, மூச்சுக்கு?

போன வருஷம் அம்மாவைச் சிங்கப்பூருக்கு அழைத்துப்போனபோது, அங்கே இருக்கும் தங்கை மூன்று இரவுக் கப்பல் பயணத்துக்கு டிக்கெட் எடுத்து வைத்திருந்தாள். அம்மாவுக்கு வயது 72. இருபது வருஷமாக ஆஸ்துமா. இன்ஹேலர் இல்லாமல் தெருமுனைப் பிள்ளையார் கோயிலுக்குக்கூடப் போகமாட்டார். “கடல் காத்து நெஞ்சுக்கு நல்லதுதானே” என்று அவரே ஆசையோடு கிளம்பினார்.

அந்தக் கப்பலில் சாப்பாட்டுக்கூடம் பின்பக்கம், நாடக அரங்கு முன்பக்கம். இரண்டுக்கும் நடுவே, அதே தளத்தில், காசினோ. ஒதுக்குப்புறமாக ஓர் அறையில் அது இருந்திருந்தால் நாங்கள் அந்தப் பக்கமே போயிருக்கமாட்டோம். ஆனால் நடைபாதையே அதன் ஊடாகத்தான் போகிறது. ஒரு பாதியில் புகைக்கலாம், மறுபாதியில் கூடாது என்று பலகை வைத்திருந்தார்கள். இரண்டு பாதிக்கும் கூரை ஒன்று, குளிர்சாதனம் ஒன்று, காற்றும் ஒன்று. பத்தடி போவதற்குள் அம்மா முந்தானையால் மூக்கைப் பொத்திக்கொண்டு நின்றுவிட்டார். “கடல் காத்து வாங்கலாம்னு வந்தோம், இங்க என்னடி இப்படி?” என்றார். அடுத்த மூன்று நாளும் லிஃப்டில் மேல்தளம் ஏறி, திறந்த வெளியில் கப்பலின் நீளம் முழுக்க நடந்து, மறுபடி கீழே இறங்கித்தான் சாப்பிடப் போனோம்.

மறுநாள் காலை மேல்தளத்தில் நாங்கள் தமிழில் பேசுவதைக் கேட்டு ஒரு பையன் வந்தான். நாகர்கோவில் பக்கம். ஓட்டல் மேனேஜ்மென்ட் படித்தவன். அந்தக் காசினோவில் சீட்டு போடும் வேலை. ஒன்பது மாசக் கான்ட்ராக்டில் ஐந்தாவது மாசம். “டூட்டி முடிஞ்சு ரூமுக்குப் போனா சட்டை, தலைமுடி எல்லாம் புகை வாடைதாம்மா. மொதல்ல கண்ணு எரியும், இருமல் வரும். இப்பப் பழகிப் போச்சு” என்றான். அம்மா அவன் கையைப் பிடித்துக்கொண்டு, “சோத்துக்கு வேணா பழகலாம் தம்பி, மூச்சுக்கு என்ன பழக்கம்?” என்று கேட்டார். அவன் சிரித்துவிட்டுப் போய்விட்டான். எனக்கு அந்தக் கேள்வி ஊருக்கு வந்த பிறகும் போகவில்லை. கப்பல்களில் புகைக்கு யார் விதி வகுக்கிறார்கள், எதை மனதில் வைத்து வகுக்கிறார்கள் என்று தேடிப் படிக்க ஆரம்பித்தேன்.

படித்ததில் ஒன்று தெளிவானது. கப்பல்காரர்கள் புகையிலையை என்றைக்குமே நெருப்பாகத்தான் பார்த்திருக்கிறார்கள். மரக்கப்பல், தார் பூசிய கயிறு, வெடிமருந்துக் கிடங்கு எல்லாம் சேர்ந்த இடத்தில் ஒரு பொறி போதும். அதனால் பாய்மரக் கப்பல்களில் பற்றவைப்பதற்கென்று ஒரு விளக்கை ஆபத்தில்லாத இடத்தில் தொங்கவிட்டிருந்தார்கள். அது எரிந்தால் புகைக்கலாம், அணைந்தால் கூடாது. விளக்கு போன பிறகும் ‘விளக்கு எரிகிறது’, ‘விளக்கு அணைந்தது’ என்ற சொற்கள் அமெரிக்கக் கடற்படையில் கட்டளையாகவே நீடித்தன. ஹைட்ரஜன் நிரப்பிப் பறந்த ஹிண்டன்பர்க் வான்கப்பலில்கூடப் புகைக்கும் அறை இருந்தது. ஹைட்ரஜன் உள்ளே கசியாதபடி அறையின் காற்றழுத்தத்தைச் சற்றுக் கூடுதலாக வைத்து, இரட்டைக் கதவு போட்டு, ஒரே ஒரு மின்சார லைட்டரை மட்டும் அனுமதித்தார்கள். அத்தனை பொறியியலும் பொறி வெளியே போய்விடக் கூடாது என்பதற்காக. அந்த அறைக்குள் நின்று பரிமாறியவர் எதைச் சுவாசித்தார் என்று அன்று யாரும் யோசிக்கவில்லை.

இந்தக் காலத்துக் கப்பல்களின் கதையில் 2006ஆம் ஆண்டு முக்கியமானது. அந்த மார்ச் 23 அன்று, விடியற்காலை மூன்று மணிவாக்கில், கரீபியன் கடலில் ஜமைக்காவை நோக்கிப் போய்க்கொண்டிருந்த ‘ஸ்டார் பிரின்சஸ்’ என்ற கப்பலில் ஒரு பால்கனி தீப்பிடித்தது. பால்கனிகளுக்கு இடையே இருந்த தடுப்புகள் பிளாஸ்டிக் வகை. மேசை நாற்காலியும் எரியக்கூடியவை. காற்று வேறு. பத்தாவது தளத்தில் பிடித்த தீ நிமிடக் கணக்கில் மேல்தளங்களுக்கு ஏறியது. அணைக்க ஒன்றரை மணி நேரம் ஆயிற்று. 79 அறைகள் பயன்படாமல் போயின. 13 பேர் சிகிச்சை பெற்றார்கள். ஒருவர் இறந்தார், அதுவும் புகையைச் சுவாசித்து. பால்கனியில் எறியப்பட்ட சிகரெட் துண்டுதான் பெரும்பாலும் காரணமாக இருக்கும் என்பது பிரிட்டனின் கடல் விபத்துப் புலனாய்வுத் துறையின் முடிவு.

உலகம் உடனே அசைந்தது. அதே ஆண்டு டிசம்பரில் சர்வதேசக் கடல்சார் அமைப்பு கப்பல் பாதுகாப்பு உடன்படிக்கையைத் திருத்தியது. பால்கனித் தடுப்புகள் எரியாத பொருளால் ஆனவையாக இருக்க வேண்டும், எளிதில் தீப்பற்றும் சாமான்கள் கூடாது, இல்லையென்றால் தீயைக் கண்டறியும் கருவியும் நீர் தெளிக்கும் ஏற்பாடும் வேண்டும் என்ற விதி 2008 ஜூலை 1 முதல் நடப்புக்கு வந்தது. நிறுவனங்களும் பால்கனியில் புகைப்பதை ஒவ்வொன்றாக நிறுத்தின. பிரின்சஸ் 2012 ஜனவரியில், ராயல் கரீபியன் 2014 ஜனவரியில், கார்னிவல் அதே ஆண்டு அக்டோபரில். மீறினால் 250 டாலர், சில கப்பல்களில் 500 டாலர் வரை அபராதம். பாராட்ட வேண்டிய காரியம். பக்கத்துப் பால்கனிப் புகை தன் அறைக்குள் வருகிறதே என்று தவித்த பயணிகளுக்கும் அதனால் விடிவு வந்தது.

அதே 2006ஆம் ஆண்டு ஜூன் மாதம் இன்னோர் அறிக்கை வந்தது. அமெரிக்க அரசின் தலைமை மருத்துவர் வெளியிட்டது. பிறர் விடும் புகையில் ‘இந்த அளவு வரை ஆபத்தில்லை’ என்று சொல்லக்கூடிய அளவே கிடையாது என்றது அது. புகைப்பவர்களைத் தனியே உட்காரவைப்பது, காற்றைச் சுத்திகரிப்பது, காற்றோட்டத்தைக் கூட்டுவது எதுவும் கட்டடத்துக்குள் இருக்கும் மற்றவர்களை முழுதாகக் காப்பாற்றாது என்றும் சொன்னது. குளிர்சாதன, காற்றோட்டப் பொறியாளர்களின் அமெரிக்கச் சங்கமும் அதையேதான் சொல்கிறது: உள்ளே புகைக்கவிடாமல் இருப்பது ஒன்றே வழி. எங்கள் கப்பலில் வைத்திருந்த அந்தப் பாதிக்குப்பாதிப் பலகைக்கு மருத்துவர் ஆதரவும் இல்லை, பொறியாளர் ஆதரவும் இல்லை.

தீயைப் பற்றிய அறிக்கை இரண்டே ஆண்டில் உலகச் சட்டமாயிற்று. மூச்சைப் பற்றிய அறிக்கை இத்தனை ஆண்டாகியும் பல காசினோக்களின் வாசலைத் தாண்டவில்லை. எரிந்த அறைகளை எண்ணிவிடலாம், அதற்கு இன்ஷூரன்ஸ் கணக்கு உண்டு. ஒன்பது மாசம் புகையில் நின்று ஊருக்குத் திரும்பும் ஒரு பையனின் நெஞ்சில் என்ன ஆயிற்று என்பது எந்தக் கணக்கிலும் ஏறாது.

காசினோ வாசலில் விதி நின்றுபோனதற்குக் காரணம் பணம். 1998இல் கார்னிவல் நிறுவனம் ‘பாரடைஸ்’ என்ற கப்பலை முழுக்க முழுக்கப் புகையில்லாக் கப்பலாக விட்டது. ஹெல்சிங்கியில் அதைக் கட்டிய தொழிலாளர்களுக்குக்கூட அதற்குள் புகைக்க அனுமதியில்லை. பயணிகள் கையெழுத்துப் போட்டுத்தான் ஏற வேண்டும். பிடிபட்டால் 250 டாலர் அபராதம், அடுத்த துறைமுகத்தில் சொந்தச் செலவில் இறங்கிப் போக வேண்டும். அப்படியே இறக்கியும் விட்டார்கள். அந்த ஏற்பாடு 2004 வரைதான் ஓடியது. கப்பல் ஓடவில்லை என்பதல்ல, அதில் வந்தவர்கள் மதுவுக்கும் சூதாட்டத்துக்கும் குறைவாகச் செலவழித்தார்கள் என்பதே நிறுவனத் தரப்பிலிருந்து வந்த விளக்கம். சொகுசுக் கப்பலுக்கு டிக்கெட் பணத்தைவிட உள்ளே நடக்கும் வியாபாரத்தில் கண் அதிகம்.

அரசாங்கம் கேட்காதா என்றால், கப்பலுக்கு எந்த அரசாங்கம் என்பதே முதல் கேள்வி. அமெரிக்காவிலிருந்து புறப்படும் கப்பலில் பறப்பது பெரும்பாலும் பஹாமாஸ், பனாமா, பெர்முடா கொடி. நடுக்கடலில் கொடி எந்த நாட்டுடையதோ அந்த நாட்டுச் சட்டம்தான். கரையில் உணவகத்தில் புகைத்தால் தண்டிக்கும் நகரத்தின் கை கடலுக்குள் நீளாது. மிச்சத்தை நிறுவனத்தின் விதிப்புத்தகம் தீர்மானிக்கிறது.

ஆனால் இதை மாற்ற முடியாது என்பவர்களுக்கு வானத்தைக் காட்டுவேன். ஒரு காலத்தில் விமானத்திலும் புகைத்தார்கள். பின்வரிசையில் புகை, முன்வரிசையில் குழந்தைகள். அமெரிக்காவில் 1988இல் இரண்டு மணி நேரத்துக்குள்ளான உள்நாட்டு விமானங்களில் தடை வந்தது. 1990இல் ஆறு மணி நேரம் வரையிலான உள்நாட்டு விமானங்களுக்கு நீண்டது. 2000இல் அந்த நாட்டுக்கு வந்துபோகும் எல்லா விமானத்துக்கும். அந்தப் போராட்டத்தின் முன்வரிசையில் நின்றவர்கள் விமானப் பணிப்பெண்கள். வாழ்நாளில் சிகரெட் தொடாமலே நுரையீரல் நோய்க்கு ஆளான பெண்கள் 1991இல் மயாமியில் சிகரெட் கம்பெனிகள்மேல் வழக்குப் போட்டார்கள். 1997இல் 30 கோடி டாலரில் ஒரு மருத்துவ ஆராய்ச்சி நிதி அமைக்க அந்தக் கம்பெனிகள் சம்மதிக்க வேண்டியதாயிற்று. நீருக்கடியில்கூட மாற்றம் வந்தது. அமெரிக்க நீர்மூழ்கிக் கப்பல்களில் புகைக்காத வீரர்களின் உடலிலும் புகை ஏறுவதைச் சோதித்துக் கண்ட பிறகு, 2010ஆம் ஆண்டு முடிவோடு அவற்றுக்குள் புகைப்பதை நிறுத்தினார்கள். போர்க்கப்பலால் முடிந்தது உல்லாசக் கப்பலால் முடியாதா?

புகைப்பவர்கள்மேல் எனக்குக் கோபம் இல்லை. என் அப்பா நாற்பது வருஷம் சிகரெட் பிடித்தவர். அது எத்தனை கெட்டியான பிடி, விட நினைத்தும் விடாத பிடி என்று பார்த்து வளர்ந்தவள் நான். முதல் பேரன் பிறந்த அன்றிலிருந்து அவர் வீட்டுக்குள் பற்றவைத்ததில்லை. மழையானாலும் மொட்டைமாடிக்குப் போய், குடை பிடித்து நின்று புகைத்துவிட்டு, வாய் கொப்பளித்துக்கொண்டுதான் குழந்தையைத் தூக்குவார். அந்த மொட்டைமாடி ஒவ்வொரு கப்பலிலும் இருக்கிறது. கப்பல் முன்னோக்கி ஓடும்போது காற்று பின்பக்கமாக அடித்துப் போகும். பின்கோடியில், கூரையில்லாத இடத்தில், அறைகளும் நீச்சல்குளமும் இல்லாத ஒரு மூலையை அவர்களுக்கு ஒதுக்கலாம். கூரைக்குக் கீழே எங்கும் கூடாது, காசினோ உட்பட. கேட்பது இவ்வளவுதான்.

இது தூரத்து நாட்டுச் சங்கதியும் இல்லை. 2022 ஜூன் மாதம் சென்னைத் துறைமுகத்திலிருந்தே சொகுசுக் கப்பல் புறப்பட்டது. இனி நம் ஊர்த் தாத்தா பாட்டிகள் இன்னும் அதிகமாகப் போவார்கள். நம் பிள்ளைகள் இன்னும் அதிகமாக அங்கே வேலைக்குப் போவார்கள். 2008 அக்டோபர் 2 முதல் நம் நாட்டில் ஓட்டல், அலுவலகம், பஸ், ரயில் எங்கும் புகைக்கத் தடை இருக்கிறது. கரையில் நமக்குக் கிடைத்த மூச்சைக் கப்பல் படியேறும்போது ஏன் ஒப்படைத்துவிட்டுப் போக வேண்டும்? டிக்கெட் எடுக்குமுன் இரண்டு கேள்வி கேளுங்கள்: கூரைக்குக் கீழே எங்கெல்லாம் புகைக்க விடுகிறீர்கள்? சாப்பிடப் போகும் வழி அதன் ஊடாகவா? நாலு பேர் கேட்டால் ஏஜென்ட் தெரிந்துவைத்துக்கொள்வார். நாற்பதாயிரம் பேர் கேட்டால் நிறுவனமே யோசிக்கும்.

கடைசி இரவு அறையில் கருத்துப் படிவம் வைத்திருந்தார்கள். சாப்பாடு, அறைச் சுத்தம், கலை நிகழ்ச்சி எல்லாவற்றுக்கும் கட்டம் இருந்தது. காற்றுக்கு இல்லை. மிச்சம் இருந்த வெள்ளை இடத்தில் என்ன எழுதட்டும் என்று அம்மாவைக் கேட்டேன். தான் மூன்று நாள் சுற்றி நடந்ததைச் சொல்வார் என்று நினைத்தேன். “நான் நாளைக்கு இறங்கிடுவேன்டி. அந்தப் பையனுக்கு இன்னும் நாலு மாசம் இருக்காம். அவனுக்காக எழுது” என்றார்.

எழுதினேன். இந்தப் பத்தியும் அவனுக்காகத்தான்.